பழைய காரில் ஆக்சிலேட்டரைத் தொட்டாலே வண்டி பாய்கிறது: கோளாறா, குணமா?

தம்பி, நீங்கள் சொல்லியிருப்பது இதுதான். கேரளத்துப் புனலூரில் ஒருவரிடம் பழைய பெட்ரோல் கார் வாங்கி செங்கோட்டைக்குக் கொண்டு வந்திருக்கிறீர்கள். மேனுவல் கியர். பெடலில் கால் பட்டாலே வண்டி பாய்கிறது, காலை எடுத்தால் யாரோ பின்னாலிருந்து இழுத்தது போல் தடுமாறுகிறது, புளியரை மலைச்சாலையின் எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது துள்ளுகிற துள்ளலில் அம்மா அந்த வண்டியில் ஏறவே பயப்படுகிறார்கள். ஒரு மெக்கானிக் இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வு இருக்கிற திராட்டில் பாடியை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் பெடலில் ஒரு எலக்ட்ரானிக் டப்பாவை மாட்டினால் போதும் என்கிறார். ‘ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மந்தமாக்க வழி உண்டா’ என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். வழி உண்டு. ஆனால் அதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டியது, இது கோளாறா, அந்த மாடலின் குணமே இப்படியா, இல்லை உங்கள் காலுக்கு இன்னும் வண்டி பழகவில்லையா என்பது. அது தெரியும்வரை ஒரு சாமானும் வாங்காதீர்கள்.

நான் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு கார்புரேட்டர் காலத்தில் வேலைக்கு வந்தவன். தென்காசிப் பக்கம்தான் பட்டறை. மலைக்கு அந்தப் பக்கமிருந்து வாங்கி வரும் வண்டிகள் நிறையப் பார்க்கிறேன், நீங்கள் சொல்லும் இதே குறை மாதத்துக்கு ஒருவராவது சொல்வார். வண்டியைப் பார்க்காமல் இதுதான் கோளாறு என்று நான் அடித்துச் சொல்ல முடியாது, அப்படிச் சொல்கிறவரை நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் எந்தத் திசையில் தேட வேண்டும் என்று சொல்ல முடியும்.

முதலில் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரே அளவு அழுத்தினால் வண்டி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி பாய்கிறதா, இல்லை ஒரு நேரம் சாதுவாகவும் ஒரு நேரம் திடீரென்றும் பாய்கிறதா? ஒரே மாதிரி என்றால் பெரும்பாலும் அது வண்டியின் குணம், அல்லது அட்ஜஸ்ட்மெண்டில் சரி செய்யக்கூடிய சின்ன விஷயம். வேளைக்கொரு விதம் என்று மாறினால் கோளாறு, அதைத் தேடித்தான் ஆக வேண்டும். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு ஒரு தடவை, ஏசி போட்டு ஒரு தடவை, ஏசி இல்லாமல் ஒரு தடவை என்று ஓட்டிப் பாருங்கள். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் போட்டு, இன்ஜின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள்ளை 1500-ல் ஒரு நிமிஷம் அசையாமல் பிடித்துக் காட்ட முடிகிறதா என்றும் பாருங்கள். உங்கள் கால் அசையாமல் இருந்தும் முள் தானாக ஏறி இறங்கினால் பிரச்சினை வண்டியில். கால் லேசாக அசைந்ததும் முள் எகிறி, கால் நின்றால் முள்ளும் நின்றால், வண்டி நீங்கள் சொன்னதைத்தான் செய்கிறது.

இதில் ஆபத்தானது ஒன்று உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை எடுத்த பிறகும் பெடல் திரும்பி வரவில்லை, அல்லது மெதுவாக வருகிறது, அல்லது ரேஸ் இறங்காமல் தொங்குகிறது என்றால் அந்த வண்டியை மலை ஏற்றாதீர்கள். முதலில் பெடலுக்குக் கீழே தரையில் விரித்திருக்கும் மிதியடியை (மேட்) பாருங்கள். பழைய கார் வாங்குகிற நம் ஆட்கள் செய்கிற முதல் வேலை புது மிதியடி போடுவதுதான், கம்பெனி மிதியடியின் மேலேயே தடிமனான இன்னொன்றைப் போட்டுவிடுகிறோம். அதன் விளிம்பு பெடலின் அடியில் போய் முட்டும், இல்லை பெடலை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2009-ல் அமெரிக்காவில் டொயோட்டா கம்பெனி சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததே மிதியடி பெடலில் மாட்டிக்கொள்ளும் ஆபத்துக்காகத்தான். அடுத்த வருஷம் ஜனவரியில், பெடலே இறுகி நின்றுவிடக்கூடும் என்று இன்னும் 23 லட்சம் வண்டிகள். எலக்ட்ரானிக்ஸில்தான் கோளாறு என்று பலரும் சொன்னதால் அரசாங்கம் நாசா பொறியாளர்களை வைத்து ஆராய்ந்தது, 2011-ல் அறிக்கை வந்தது. வண்டிகள் தானாக வேகமெடுக்கும்படி எலக்ட்ரானிக் குறை எதுவும் அகப்படவில்லை, மிதியடியும் இறுகும் பெடலும்தான் காரணங்கள் என்று முடித்தார்கள். அதனால் நீங்களும் கம்ப்யூட்டரைச் சந்தேகிக்கும் முன் மிதியடியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை.

ஓடும்போது ரேஸ் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்துங்கள், விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. திராட்டில் முழுக்கத் திறந்திருக்கும்போது பிரேக்கை மிதிக்க உதவும் பூஸ்டருக்கு இன்ஜினிலிருந்து வேக்கம், அதாவது உறிஞ்சும் விசை, கிடைக்காது, மிச்சமிருக்கும் வேக்கம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். கூடவே கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள். இன்ஜின் அலறும், அலறட்டும். வண்டியை ஓரம் கட்டி நின்ற பிறகு சாவியை அணையுங்கள். ஓடும்போதே சாவியைக் கடைசிவரை திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்.

சரி, இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். மாடல் என்னவென்று நீங்கள் எழுதவில்லை, அதனால் கேபிளா எலக்ட்ரானிக்கா என்பதை நீங்களேதான் பார்க்க வேண்டும். டார்ச் அடித்து பெடலின் மேல் நுனியைப் பாருங்கள். ஒரு கம்பி தடுப்பைத் துளைத்துக்கொண்டு இன்ஜின் பக்கம் போனால் கேபிள். பெடலோடு ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் அதில் ஒயர் சொருகியும் இருந்தால் எலக்ட்ரானிக். மாருதி 800, ஆம்னி எல்லாம் கேபிள். கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்து கார்களில் பெரும்பாலானவை எலக்ட்ரானிக்.

கேபிள் வண்டியாக இருந்தால் உங்களுக்கு நல்ல காலம், கோளாறு கண்ணால் பார்க்கிற இடத்தில் இருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு பெடலைக் கையால் மிக மெதுவாக அமுக்குங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, அப்புறம் பொசுக்கென்று விடுகிறதா? அதுதான் உங்கள் பாய்ச்சலுக்குக் காரணம். அந்தப் பிடிப்பு இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, உறைக்குள் துருப்பிடித்த கேபிள். மழை ஓயாத ஊரில் நின்ற வண்டிகளில் இது சகஜம். இரண்டு, திராட்டில் வால்வின் விளிம்பில் கார்பன். ஏர் பில்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கழற்றினால் உள்ளே ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகப் பித்தளை நிறத் தகடு தெரியும். அது மூடும் இடத்தில் சுற்றிலும் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒரு வளையம் படிந்திருக்கும். தகடு அந்தப் பிசினில் ஒட்டிக்கொள்கிறது, காலால் தள்ளும்போது ஒட்டை விட்டு ஒரேயடியாகத் திறக்கிறது. திராட்டில் கிளீனர் ஒரு டப்பாவும் பழைய துணியும் போதும். இதையெல்லாம் செய்தும் போகவில்லை என்றால் கேபிளின் தொய்வைப் பாருங்கள். விரலால் அசைத்தால் சில மில்லிமீட்டராவது ஆட வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தால் பெடலைத் தொட்டவுடன் வால்வு திறக்கும், ஐடிலிங்கும், அதாவது பெடலைத் தொடாதபோது இன்ஜின் ஓடுகிற சுற்றும், ஏறியே நிற்கும். முந்தைய ஓனர் ‘எடுப்பு பத்தவில்லை’ என்று சொல்லியிருப்பார், யாரோ கேபிளை இறுக்கி விட்டிருப்பார்கள். நட்டை இரண்டு சுற்று தளர்த்தினால் தீர்ந்தது.

எலக்ட்ரானிக் என்றால் விஷயம் வேறு. பெடல் இங்கே வால்வை நேராக இழுப்பதில்லை. பெடலில் இரண்டு சென்சார் இருக்கும், இரண்டும் தனித்தனியாக வோல்ட் கணக்கில் கால் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டரான இசியூவுக்குச் சொல்லும். பல வண்டிகளில் ஒன்று சொல்வதில் சரிபாதியை இன்னொன்று சொல்லும்படி வைத்திருப்பார்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் இசியூ சென்சாரை நம்பாது, செக் இன்ஜின் விளக்கைப் போட்டு வண்டியை மந்தமாக்கிவிடும். இதை நன்றாக மனதில் வையுங்கள். சென்சார் கெட்டால் வண்டி சோம்பிப் போகும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள், பாயும்படி அல்ல. அதனால் விளக்கு எதுவும் எரியாமல், எல்லா நேரமும் ஒரே மாதிரி பாய்கிற வண்டிக்கு முதல் வேலையாக பெடல் சென்சாரையோ திராட்டில் பாடியையோ மாற்றச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மாற்றச் சொன்னவரிடம், ஸ்கேனரில் எந்தக் கோளாறுக் கோட் வந்தது, எந்த அளவு தப்பாகக் காட்டியது என்று கேளுங்கள். பி2138 வந்தால் பெடலின் இரண்டு சென்சாரும் ஒத்துப்போகவில்லை என்று பொருள், பி2135 வந்தால் திராட்டிலின் இரண்டு சென்சார். அப்படி ஒன்று காட்டினால் பேசலாம். ஒன்றுமே காட்டாமல் ‘மாற்றிப் பார்ப்போம்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், பல ஆயிரம் ரூபாய் சமாச்சாரம் அது.

உங்களிடம் போன் இருந்தால் நீங்களே பார்க்கலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி (கோளாறு பார்க்கும்) சாக்கெட்டில் சொருகுகிற புளூடூத் ஸ்கேனர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இக்னிஷன் மட்டும் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், பெடல் பொசிஷனைத் திரையில் வைத்துக்கொண்டு காலை மெல்ல மெல்ல அமுக்குங்கள். எண் ஒழுங்காக ஏற வேண்டும். 8, 9, 10 என்று போய் திடீரென்று 23-க்குத் தாவினால் அந்த இடத்தில் சென்சார் தேய்ந்திருக்கிறது அல்லது சொருகி சரியில்லை. ஒழுங்காக ஏறினால் பெடலை மறந்துவிடுங்கள். எல்லா மலிவு ஸ்கேனரும் எல்லா வண்டியிலும் பெடல் அளவைக் காட்டாது, காட்டவில்லை என்றால் பட்டறையில்தான் பார்க்க வேண்டும். எலக்ட்ரானிக் திராட்டில் பாடியைச் சுத்தம் செய்தாலும் பலன் உண்டு, ஆனால் இக்னிஷன் போட்டிருக்கும்போது தகட்டில் விரலை விடாதீர்கள், மோட்டார் சட்டென்று மூடும். சுத்தம் செய்த பிறகு ஐடிலிங் ஏறி நின்றால் பதற வேண்டாம். அழுக்கு அடைத்திருந்த காலத்தில் காற்று போதவில்லை என்று இசியூ தகட்டைக் கூடுதலாகத் திறந்து பழகியிருக்கும். ஸ்கேனரில் ஐடில் ரீலேர்ன் செய்து, அதாவது இசியூவைப் புதிதாகப் பழக்கிவிட்டால், இறங்கிவிடும், சில வண்டிகளில் கொஞ்ச தூரம் ஓடினாலே இறங்கும்.

கேரளத்து வண்டி என்பதால் இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் செங்கன்னூர், ராந்நி, ஆலுவா பக்கமெல்லாம் கார்கள் முங்கின. முங்கிய வண்டிகளைக் காய வைத்து, மினுக்கி, விற்கவும் செய்தார்கள். பெடல் சென்சார் கால் வைக்கும் இடத்தில் இருப்பதால் அரை அடித் தண்ணீர் ஏறினாலே கீழே ஓடும் ஒயர்களும் சொருகிகளும் நனைந்துவிடும், கோளாறோ வருஷங்கள் கழித்துத்தான் காட்டும். உங்கள் வண்டி அதற்கு முந்தைய மாடல் என்றால் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து, கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை கோடாகத் தெரிகிறதா பாருங்கள். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு, பெடல் சொருகியைக் கழற்றினால் பின்களில் பச்சைப் பூப்பு, இவை இருந்தால் உங்கள் சந்தேகம் நியாயமானது. அதே போல, வெளிநாட்டில் இருப்பவர் வீட்டில் மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியாக இருந்தால் எலி கடித்த வேக்கம் ஹோஸைத் தேடுங்கள். கிலோமீட்டர் குறைவு என்று சந்தோஷப்பட்டு வாங்குவோம், எலிக்கு அந்தக் கணக்கு கிடையாது. வேக்கம் ஹோஸில் ஓட்டை விழுந்தால் கூடுதல் காற்று உள்ளே போய் ஐடிலிங் ஏறும். 800 சுற்றுவட்டாரத்தில் நிற்க வேண்டிய முள் சூடான பிறகும் 1200-ல் நின்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவைப்படும் என்ஓசி (ஆட்சேபணை இல்லாச் சான்று) விஷயமாக எப்படியும் பழைய ஓனரைப் பிடிக்க வேண்டியிருக்கும், அப்போது சர்வீஸ் கணக்கையும், இசியூவின் கணக்கை மாற்றி எழுதும் ரீமேப் எதுவும் செய்தாரா, பெடலில் ஏதாவது மாட்டியிருந்தாரா என்பதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்து, பெடலே காரணமாக இல்லாமல் பெடல் மேல் பழி விழும் இடம். என் அனுபவத்தில் பழைய காரில் இதுதான் அதிகம். ஆரியங்காவுப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி இதே குறையோடு வந்தது, பெடலும் திராட்டில் பாடியும் வேறொரு இடத்தில் ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள், துள்ளல் அப்படியே இருந்தது. பானட்டைத் திறந்து வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, காலால் பிரேக்கையும் மிதிக்கச் சொல்லி, முதல் கியரில் கிளச்சைக் கொஞ்சமாக விடச் சொன்னேன். இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கி எழுந்து, கிளச்சை மிதித்ததும் ‘டொக்’ என்று உட்கார்ந்தது. ரிவர்ஸில் போட்டால் அதே ஆட்டம் மறுபக்கம். இன்ஜின் மவுண்டிங் ரப்பர் பாதி கிழிந்து உலோகத்தோடு உலோகம் முட்டிக்கொண்டிருந்தது. கால் பட்டதும் இன்ஜின் முதலில் தான் சாய்ந்து, அப்புறம்தான் வண்டியைத் தள்ளும். உள்ளே இருப்பவருக்கு அது பாய்ச்சலாகத் தெரியும். மவுண்டிங் மாற்றியதும் வண்டி சாதுவாகிவிட்டது. இந்தச் சோதனையை வண்டிக்கு முன்னால் யாரும் நிற்காமல், பக்கவாட்டில் நின்று பார்த்து, உங்கள் மெக்கானிக்கை வைத்தே செய்யுங்கள். கிளச்சு பிளேட் தேய்ந்து பெடல் மேலே வந்து திடீரென்று பிடிக்கும் வண்டியிலும் இதே கதைதான், ரேஸ் கொடுத்தது கூடிவிட்டது என்று கால் நினைக்கும், பிடித்தது கிளச்சு. ஊர்ந்து போகும்போது ஏசி கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடுவதால் வரும் லேசான உதறலைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பாய்கிறது என்றால் அது வண்டியின் குணம். திராட்டில் வால்வு ஒரு வட்டத் தகடு, கொஞ்சம் திரும்பினாலே நிறையக் காற்றை விட்டுவிடும். 1500 ஆர்பிஎம் போன்ற குறைந்த சுற்றில் இன்ஜின் குடிக்கிற காற்றே குறைவு என்பதால் மூன்றில் ஒரு பங்கு திறந்தாலே கிட்டத்தட்ட முழு இழுவையும் வந்துவிடும், மிச்சம் இரண்டு பங்கு அழுத்தத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அதனால்தான் பெடலின் முதல் அங்குலம் இவ்வளவு காரமாக இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் இதை மென்மையாக்க முடியும், எலக்ட்ரானிக்கில் எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு திறப்பது என்பது அவர்கள் எழுதுகிற கணக்குதான். ஆனால் டெஸ்ட் டிரைவில் கால் வைத்ததும் வண்டி துடிப்பாக இருந்தால் நன்றாக விற்கும் என்று பலர் முதல் அங்குலத்தை இன்னும் கூட்டித்தான் வைக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இதோடு இன்னொன்று சேரும். காலை முழுக்க எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், வண்டி பிடித்து இழுக்கும். திரும்பக் கால் வைத்ததும் பெட்ரோல் வரும், வண்டி உதைக்கும். முதல் கியரில் காலை வைத்து, எடுத்து, வைத்து ஓட்டினால் துள்ளல் இப்படித்தான் உண்டாகிறது. நீங்கள் எழுதியிருக்கும் எஸ் வளைவுத் துள்ளலில் பெரும் பங்கு இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கு மருந்து குதிகால். குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தை மட்டும் சாய்க்க வேண்டும். தொடையிலிருந்து காலைத் தூக்கி அழுத்தினால் அரை அங்குலத்துக்குக் குறைவாக யாராலும் அழுத்த முடியாது. சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பாருங்கள், முழங்கால் விறைப்பாக நீண்டிருந்தால் கணுக்கால் நுணுக்கமாக வேலை செய்யாது. தடிமனான மிதியடி குதிகாலைத் தூக்கிவிடும், அதை எடுத்துவிடச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம். ரப்பர் செருப்போடு ஓட்டாதீர்கள், பின்பட்டை உள்ள செருப்போ, அடி மெல்லிய ஷூவோ போதும். கிளம்பும்போது சமதரையில் ஆக்சிலேட்டரையே தொடாமல் கிளச்சை மட்டும் மெல்ல விட்டு வண்டியை நகர்த்திப் பழகுங்கள், நகர்ந்த பிறகு காலைச் சேருங்கள். அதிகாலையில் வெறிச்சோடிய மைதானத்தில் இரண்டாம் கியரில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் முள் ஆடாமல் சுற்றுங்கள். காலை எடுக்கும்போது முழுக்க எடுக்காமல், ஒரு காகிதத்தின் தடிமனுக்கு மிச்சம் வைத்து எடுக்கப் பழகினால் பாதித் துள்ளல் போய்விடும்.

மலையில் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அரை கிளச்சில் ஊராதீர்கள். கல், மணல் ஏற்றிய லாரி முக்கி முக்கி ஏறும், நின்றால் பின்னால் கொஞ்சம் உருண்டு வரவும் செய்யும். இரண்டு வண்டி நீளம் விட்டு கைப்பிரேக்கில் நில்லுங்கள், அது அந்த நீளம் போன பிறகு ஒரே எடுப்பில் போய்ச் சேருங்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும். இறக்கத்தில் முதல் கியரோ இரண்டாம் கியரோ போட்டால் ஆக்சிலேட்டருக்கு வேலையே இல்லை.

அந்த எலக்ட்ரானிக் டப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பெடலுக்கும் இசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து பெடல் சொல்வதை மாற்றிச் சொல்லும், அவ்வளவுதான். மென்மையான செட்டிங் உள்ளதை வாங்கினால் முதல் அங்குலம் நிச்சயம் மந்தமாகும், அது பொய்யில்லை. கிழிந்த மவுண்டிங்கையோ ஓட்டை ஹோஸையோ அது சரி செய்யாது, மறைத்துத்தான் வைக்கும். உயிரைக் காக்க வேண்டிய ஒரு இணைப்பின் நடுவில் யார் செய்தது என்றே தெரியாத சொருகி ஒன்றை வைக்க எனக்கு மனம் வராது, என் வீட்டு வண்டியில் வைக்க மாட்டேன். வண்டியில் ஈகோ மோட் பட்டன் இருந்தால் முதலில் அதைப் போட்டுப் பாருங்கள், பல மாடலில் அதுவே இந்த வேலையைச் செய்கிறது. பெடலுக்கு அடியில் கட்டை வைப்பது, கூடுதல் ஸ்பிரிங் மாட்டுவது போன்ற கைவேலை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவசரத்துக்கு முழு வேகம் வேண்டிய இடத்தில் பெடல் முழுக்கப் போகாது, ஸ்பிரிங் கழன்றால் போய் எங்கே மாட்டும் என்றும் சொல்ல முடியாது.

மிதியடியை எடுத்துவிட்டு, நியூட்ரல் சோதனையைச் செய்து, மவுண்டிங்கைப் பார்த்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். வண்டி எந்த மாடல், கேபிளா எலக்ட்ரானிக்கா, சூடான பிறகு முள் எதில் நிற்கிறது, ஸ்கேனரில் கோட் ஏதாவது வந்ததா, இந்த நாலும் தெரிந்தால் அடுத்து எங்கே கை வைக்கலாம் என்று சொல்கிறேன்.